லேப்டாப்பை மாற்றும் முன் ஃபோல்டரை மாற்றுங்கள்

கேள்வி: நான்கு ஆண்டு அனுபவமுள்ள வெப் டெவலப்பர் நான். அலுவலகத்தில் கொடுத்திருப்பது 16 ஜிபி மெமரி உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். எங்கள் புராஜெக்டில் ரியாக்ட் முன்பக்கம், பைத்தான் ஏபிஐ, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ் கேஷ், எலாஸ்டிக்சர்ச் தேடுபொறி என்று ஐந்து உருப்படிகள். ஐந்தையும் டாக்கர் டெஸ்க்டாப்பில், தனித்தனி கன்டெய்னராகத்தான் ஓட்ட வேண்டும் என்பது டீம் லீடின் கட்டளை. ஒரு வரியை மாற்றி சேவ் செய்தால் பிரவுசரில் தெரிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் அதுகூடத் தெரியவில்லை. இணையத்தில் தேடி 'போலிங்' என்ற செட்டிங்கை ஆன் செய்த பிறகுதான் தெரிகிறது. அன்றிலிருந்து ஃபேன் நிற்பதே இல்லை. எலாஸ்டிக்சர்ச் அடிக்கடி 137 என்ற எண்ணைக் காட்டிவிட்டுச் செத்துப்போகிறது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. கன்டெய்னரைக் கிளப்பும் அச்சுகளான பழைய இமேஜ்களையெல்லாம் அழித்தும் ஒரு ஜிபிகூடத் திரும்பி வரவில்லை. லினக்ஸ் வைத்திருக்கும் சக ஊழியர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். மேக் வைத்திருப்பவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. நான் புது லேப்டாப் கேட்கட்டுமா, டாக்கருக்குப் பதிலாக பாட்மேனுக்கு மாறட்டுமா, இல்லை டாக்கரை மொத்தமாக ரீசெட் செய்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். முக்கியமாக அந்த ரீசெட் பட்டன் பக்கம் போகாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் ஐந்து நோய்களை எழுதியிருக்கிறீர்கள். படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது: உங்கள் புரோகிராம் கோடு எந்த ஃபோல்டரில் இருக்கிறது? கடிதத்தில் அது இல்லை. ஆனால் 'போலிங் போட்ட பிறகுதான் மாற்றம் தெரிகிறது' என்ற வரி காட்டிக் கொடுத்துவிட்டது. சி டிரைவில், டாக்குமென்ட்ஸுக்குள்ளோ புராஜெக்ட்ஸ் என்ற ஃபோல்டரிலோ வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அங்கேதான் வம்பு.

கன்டெய்னர் என்பது, ஒரு புரோகிராமை அதற்கு வேண்டியவற்றோடு தனியே அடைத்து ஓட்டும் வித்தை; அதைச் செய்வது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். ஒரு புராசஸுக்குத் தனி உலகம் இருப்பதுபோல் காட்டுவது நேம்ஸ்பேஸ், அது எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்று அளந்து கொடுப்பது சிகுரூப். சிகுரூப் 2008-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசி டாக்கரைக் காட்டியபோது, அவர் காட்டியது இவற்றைச் சுலபமாகக் கையாளும் வழியைத்தான். விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கெர்னல் கிடையாது. அதனால் அங்கே லினக்ஸ் கன்டெய்னர் ஓட வேண்டுமானால், முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷினைக் கிளப்பி அதற்குள் லினக்ஸை ஓடவிட்டு, அதற்குள்தான் கன்டெய்னரை ஓட்ட வேண்டும். தொடக்க நாட்களில் விர்ச்சுவல்பாக்ஸை நாமே நிறுவி இதைச் செய்தோம். விர்ச்சுவல் மெஷின் கண்ணெதிரே ஒரு ஜன்னலில் நின்றது. 2016-ல் வந்த டெஸ்க்டாப் பதிப்புகள் அதை மூடி மறைத்துவிட்டன. மூடி அவ்வளவு நேர்த்தி. உள்ளே ஒரு முழுக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே இன்று பலர் மறந்துவிட்டார்கள். உங்கள் லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்வது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2.

ஆக, உங்களிடம் இருப்பது இரண்டு கணினிகள். கோடு ஒன்றில் இருக்கிறது, அதை ஓட்டுகிறவன் இன்னொன்றில் இருக்கிறான். நடுவில் ஒரு வாசல். உங்கள் ரியாக்ட் புராஜெக்டின் நூலகங்கள் குவிந்திருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஒருமுறை வலது கிளிக் செய்து, எத்தனை ஃபைல் என்று பாருங்கள். பல பத்தாயிரம் இருக்கும், ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. கன்டெய்னருக்குள் இருக்கும் புரோகிராம் அவற்றில் ஒன்றைத் திறக்க வேண்டுமானால், கேள்வி '9பி' என்ற நெறிமுறை வழியாக விண்டோஸுக்குப் போய், பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். லாரி நிறையச் செங்கல்லை வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கைமாற்றுவதுபோல. பெரிய ஃபைல் ஒன்றைக் கடத்தினால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சின்ன ஃபைல் பல்லாயிரம் என்றால் வாசலிலேயே பொழுது போய்விடும்.

போலிங் கதைக்கு வருவோம். லினக்ஸில் ஒரு ஃபைல் மாறினால், கெர்னலே 'இது மாறிவிட்டது' என்று தட்டிச் சொல்லும்; அந்த வசதிக்கு ஐநோட்டிஃபை என்று பெயர். சி டிரைவில் உள்ள ஃபைலை விண்டோஸ் பக்கமிருந்து நீங்கள் மாற்றும்போது, அந்தச் சேதி வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. அதனால்தான் முதலில் உங்களுக்கு மாற்றமே தெரியவில்லை. போலிங் என்றால் என்ன? யாரும் சொல்லாவிட்டால் பரவாயில்லை, நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று புரோகிராம் ஒவ்வொரு ஃபைலாகத் திரும்பத் திரும்ப விசாரிப்பது. நோட் உலகில் பலரும் பயன்படுத்தும் சோக்கிடார் நூலகத்தில் அதன் இயல்பான இடைவெளி 100 மில்லிசெகண்ட். அதாவது நொடிக்குப் பத்து முறை, கண்காணிப்பில் உள்ள எல்லா ஃபைலையும், அந்த மெதுவான வாசல் வழியாக! நீங்கள் எழுந்து சாப்பிடப் போனாலும் விசாரணை நடந்துகொண்டே இருக்கும். ஃபேன் நிற்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து உபுண்டுவை டபிள்யூஎஸ்எல்லுக்குள் நிறுவிக்கொள்ளுங்கள். டாக்கர் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில், ரிசோர்சஸ் பகுதியில், டபிள்யூஎஸ்எல் இன்டெக்ரேஷன் என்ற இடத்தில் அந்த உபுண்டுவுக்கு நேராக உள்ள பொத்தானை ஆன் செய்யுங்கள். பிறகு உபுண்டு டெர்மினலைத் திறந்து, அதன் ஹோம் ஃபோல்டரில் புராஜெக்டைப் புதிதாக கிட் குளோன் செய்யுங்கள். பழைய ஃபோல்டரை இழுத்துக் காப்பி செய்யாதீர்கள். விண்டோஸில் நிறுவிய நோட் மாட்யூல்ஸில் விண்டோஸுக்கென்று கம்பைல் ஆன பைனரிகள் இருக்கும். லினக்ஸ் பக்கம் வந்ததும் ஈஎஸ்பில்ட் போன்ற கருவிகள் 'இது என் ஊர்ப் பைனரி இல்லை' என்று மல்லுக்கு நிற்கும். விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால் எடிட்டர் ஜன்னல் விண்டோஸில் இருக்கும், வேலையெல்லாம் லினக்ஸ் பக்கம் நடக்கும். வாசலை நீங்கள் ஒருமுறை தாண்டிவிட்டீர்கள், இனி ஃபைல்கள் தாண்ட வேண்டியதில்லை.

இதைச் செய்துவிட்டு மறக்காமல் போலிங்கை ஆஃப் செய்யுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஃபோல்டரை மாற்றிவிட்டு 'ஃபேன் இன்னும் சுற்றுகிறதே' என்று எழுதுவார்கள்.

குளோன் செய்வதில் ஒரு பொடி விஷயம், சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் கன்டெய்னர் ஒன்று, கிளம்பிய நொடியே 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. அது சொன்ன ஸ்கிரிப்ட் ஃபைலோ இமேஜுக்குள் கண்ணெதிரே இருக்கிறது. பெயர் சரி, இடம் சரி, அனுமதி சரி. இமேஜை நான்கு முறை மறுபடி கட்டினேன். அரை நாள் போன பிறகு, ஸ்கிரிப்டை மறை எழுத்துகளையும் காட்டும்படி திறந்து பார்த்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விண்டோஸ் வழக்கப்படி ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் வரியில் எந்த ஷெல் வேண்டும் என்று எழுதியிருப்போம் அல்லவா, அதன் வாலிலும் அந்த எழுத்து. லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு ஷெல்லே இல்லை என்றிருக்கிறது. இல்லாமல் போனது ஷெல்; நான் தேடியது ஸ்கிரிப்டை. விண்டோஸில் கிட் ஃபைல்களை எடுக்கும்போது வரி முடிவுகளைத் தானாக மாற்றிவிடுவதால் வருகிற வினை இது. லினக்ஸ் பக்கம் குளோன் செய்தால் வராது. ரெப்போவில் கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் ஒன்றை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு லினக்ஸ் முடிவுதான் என்று எழுதிவிட்டால் டீமில் யாருக்குமே வராது.

அடுத்தது எலாஸ்டிக்சர்ச். 137 என்பது 128-உடன் 9-ஐக் கூட்டியது. 9 என்பது லினக்ஸில் 'உடனே கொல்' என்ற சிக்னலின் எண். உங்கள் வர்ணனையைப் பார்த்தால், மெமரி தீர்ந்துபோனபோது கெர்னல் கையிலெடுத்தது இது. கொழுத்த ஆளாகப் பார்த்து வெட்டியிருக்கிறது. யார் கொழுத்தவர் என்று கணக்குப் போடுங்கள். டபிள்யூஎஸ்எல் 2 தனக்கென்று வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், கணினி மெமரியில் பாதி. உங்கள் 16-ல் 8. எலாஸ்டிக்சர்ச்சின் இப்போதைய பதிப்புகள் தங்களுக்கு எவ்வளவு ஹீப் (ஜாவா புரோகிராம் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) வேண்டும் என்று தாமாகவே முடிவு செய்கின்றன. கண்ணில் படும் மெமரியில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். கன்டெய்னருக்கு நீங்கள் வரம்பு எதுவும் போடவில்லை என்றால், அதன் கண்ணில் படுவது அந்த 8 ஜிபி முழுவதும். பாதியில் பாதி, 4 ஜிபி, ஒரே ஆளுக்கு. ஹீப்புக்கு வெளியேயும் அது மெமரி தின்னும். மீதியில்தான் நோடும் பைத்தானும் போஸ்ட்கிரெஸும் பிழைக்க வேண்டும்.

உங்கள் டெஸ்ட் டேட்டாவைத் தேட 4 ஜிபி எதற்கு? ஐந்து கன்டெய்னர்களையும் வரையறுக்கும் கம்போஸ் ஃபைலில் அதன் ஜாவா ஆப்ஷன்ஸில் ஹீப்பின் ஆரம்ப அளவு, உச்ச அளவு இரண்டையும் 512 எம்பி என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலான டெவலப்மென்ட் வேலைக்கு அது தாராளம். கன்டெய்னருக்கும் மெமரி வரம்பு ஒன்று போட்டுவையுங்கள், ஒன்றரை ஜிபி அளவில். அப்புறம், தேடல் பக்கத்தில் வேலை செய்யாத நாட்களில் எலாஸ்டிக்சர்ச் ஏன் ஓட வேண்டும்? கம்போஸில் புரொஃபைல்ஸ் என்ற வசதி இருக்கிறது. அதற்கு ஒரு புரொஃபைல் பெயர் கொடுத்துவிட்டால், கேட்டால்தான் கிளம்பும்.

இதையெல்லாம் செய்த பிறகு டபிள்யூஎஸ்எல்லின் வரம்பையும் 6 ஜிபிக்குக் குறைத்துப் பாருங்கள். விண்டோஸ் பக்கம் உங்கள் யூசர் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்து அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டு டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்து நிறுத்தி எழுப்பினால்தான் அமலுக்கு வரும். டாஸ்க் மேனேஜரில் விஎம்மெம் என்று தொடங்கும் ஒரு புராசஸ் ஜிபி கணக்கில் தின்பதைப் பார்த்து வைரஸோ என்று பயந்தவர்கள் உண்டு. அது இந்த விர்ச்சுவல் மெஷின்தான். லினக்ஸ் சும்மா இருக்கும் மெமரியை ஃபைல் கேஷாக நிரப்பி வைத்துக்கொள்ளும், தனிக் கணினியில் அது நல்ல குணம். இங்கே விண்டோஸுக்கு அது 'வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன்' போலத் தெரிகிறது. அதே ஃபைலில் ஆட்டோ மெமரி ரிகிளெய்ம் என்ற அமைப்பும் உண்டு. கேஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்.

சி டிரைவ் சிவப்பு கொஞ்சம் எரிச்சலூட்டும் விஷயம். டாக்கரின் இமேஜ், வால்யூம் (கன்டெய்னரின் டேட்டா தங்கும் இடம்), பில்டு கேஷ் (இமேஜ் கட்டும்போது சேரும் மிச்சம்) எல்லாம் ஒரே ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலுக்குள் இருக்கின்றன. ஆப்டேட்டாவில், லோக்கலுக்குள் டாக்கர் என்ற ஃபோல்டரில் தேடினால் விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் அந்தப் பூதம் கிடைக்கும். உள்ளே பொருள் சேரச் சேர அது வளரும். உள்ளே அழித்தாலோ உடனே சுருங்குவதில்லை, பழைய டாக்கர் டெஸ்க்டாப் பதிப்புகளில் தானாகச் சுருங்குவதே இல்லை. அதனால்தான் நீங்கள் இமேஜை அழித்தும் விண்டோஸுக்கு எதுவும் தெரியவில்லை. முதலில் டாக்கர் சிஸ்டம் டிஎஃப் என்று கேட்டுப் பாருங்கள், எது எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் தரும். பெரும்பாலும் குற்றவாளி இமேஜ் இல்லை, பில்டு கேஷ். டாக்கர் பில்டர் புரூன் அதைத் துடைக்கும். துடைத்த பிறகு டாக்கர் டெஸ்க்டாப்பை மூடி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அந்த விஹெச்டிஎக்ஸ் ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'காம்பாக்ட் விடிஸ்க்' என்று கொடுங்கள். அப்போதுதான் இடம் உங்கள் கைக்கு வரும். இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டியிருப்பது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் சகாக்கள். லினக்ஸ்காரர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு நடுவில் வாசலே இல்லை, கன்டெய்னரும் அவருடைய மற்ற புரோகிராம்களும் ஒரே கெர்னலில் ஓடுகின்றன. ஆனால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கன்டெய்னர் உருவாக்கிய ஃபைலை அழிக்கப் போய், அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிட்டதால் சூடோ போட வேண்டிவந்ததா? யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவிட்டோம் என்று அவர் நம்பும் போர்ட், டாக்கர் பப்ளிஷ் செய்ததால் வெளியே திறந்து கிடக்கிறதா? டாக்கர் தன் நெட்வொர்க் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூவைக் கேட்பதில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கும். இன்னொரு வேடிக்கை: 2022-ல் லினக்ஸுக்கும் டாக்கர் டெஸ்க்டாப் வந்தது. அதுவும் விர்ச்சுவல் மெஷினுக்குள்தான் ஓடுகிறது. அவர் அதை நிறுவினால் உங்கள் கட்சிக்கே வந்துவிடுவார்.

மேக்காரருக்கும் வாசல் உண்டு. வர்ட்டியோஎஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வந்த பிறகு அவருக்கு அது அகலமாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பெல்லாம் மேக்கில் ஃபைல் வேகம் பற்றிப் புலம்பாத ஆளே கிடையாது. 2020-க்குப் பிந்தைய ஆப்பிள் சிலிக்கான் மேக் என்றால், அவர் கட்டும் இமேஜ் ஆர்ம் வகைச் சிப்புக்கானதாக இருக்கும். அதை உங்கள் இன்டெல் லேப்டாப்பில் இழுத்து ஓட்டி 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று வந்தால், தவறு உங்களுடையது அல்ல. டாக்கரின் பில்ட்எக்ஸ் கருவியைக் கொண்டு இரண்டு வகைக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

பாட்மேன் நல்ல கருவி, எனக்குப் பிடிக்கும். பின்னணியில் ஒரு டீமன் ரூட்டாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸில் அதுவும் பொதுவாக அதே டபிள்யூஎஸ்எல்லுக்குள்தான் ஓடும். அதே வாசல், அதே 9பி. வேகத்துக்காக மாறினால் ஏமாந்துபோவீர்கள். மாற ஒரு நியாயமான காரணம் லைசென்ஸ். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனம், டாக்கர் டெஸ்க்டாப்பைக் கட்டணச் சந்தாவில்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். அது உங்கள் நிர்வாகம் பார்க்க வேண்டிய கணக்கு.

லீடின் கட்டளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் கோபம் தெரிகிறது. நான் தனியாக வேலை செய்தால் டேட்டாபேஸ், ரெடிஸ், தேடல் மூன்றையும் கன்டெய்னரில் விட்டுவிட்டு, நாள் முழுவதும் கை வைக்கும் இரண்டு கோடுகளையும் உபுண்டுவில் நேரடியாக ஓட்டுவேன். டீபக்கர் மாட்டுவது சுலபம், லாகும் கண்ணெதிரே ஓடும். ஆனால் உங்கள் லீடும் ஆகாயத்திலிருந்து சொல்லவில்லை. மூன்று பேர், மூன்று வகைக் கணினி. ஒருவரிடம் பைத்தானின் ஒரு பதிப்பு, இன்னொருவரிடம் வேறு என்று அலைந்து 'என் மெஷினில் ஓடுகிறதே' பஞ்சாயத்துகளில் அவர் நொந்திருக்கக்கூடும். கோடு லினக்ஸ் பக்கம் வந்துவிட்டால், கன்டெய்னருக்குள் ஓட்டுவதில் உங்களுக்கு இழப்பு அதிகமில்லை. ஆகவே அவரோடு சண்டைக்குப் போகும் முன் ஃபோல்டரை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். சேவ் செய்ததிலிருந்து பிரவுசரில் தெரியும்வரை எத்தனை நொடி என்று முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகும் மெமரி பற்றாமல் திணறினால், 32 ஜிபி கேட்டு நீங்கள் எழுதும் மின்னஞ்சலில் அந்த எண்கள் இருக்கட்டும். ஏதாவது காரணத்தால் கோடு விண்டோஸ் பக்கமே இருந்தாக வேண்டும் என்றால், கம்போஸ் வாட்ச் இருக்கிறது. மாறிய ஃபைலை மட்டும் கன்டெய்னருக்குள் காப்பி செய்துவிடும். இரண்டாந்தர வழி, ஆனாலும் போலிங்குக்கு எவ்வளவோ மேல்.

கடைசியாக, ரீசெட். டாக்கர் டெஸ்க்டாப்பில் டிரபிள்ஷூட் பக்கத்தில் 'ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்' என்று இருப்பதை அழுத்தினால் செட்டிங்ஸ் மட்டும்தான் போகும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இமேஜ், கன்டெய்னர், வால்யூம் எல்லாம் சேர்ந்து போகும். இமேஜை மறுபடி இழுத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் வால்யூமில் நீங்கள் பல மாதம் கையால் சேர்த்த டெஸ்ட் டேட்டாவை எங்கிருந்து இழுப்பது? கம்போஸ் டவுன் கொடுக்கும்போது பின்னால் வி என்ற ஆப்ஷனைச் சேர்த்தாலும் இதே கதைதான். எனக்குப் போனது மூன்று வாரச் சேகரிப்பு.

அதனால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன், போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப் கட்டளையைக் கொடுத்து டேட்டாபேஸை ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, விர்ச்சுவல் டிஸ்க்குக்குள் இல்லாமல் விண்டோஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வைத்ததும் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். கட்டளையில் டேட்டாபேஸ் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, பூஜ்யம் பைட் ஃபைலை பேக்கப் என்று ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்த ஆளையும் எனக்குத் தெரியும்.